ஆபரேட்டர் பெயர்

சுங்குவார்சத்திரம்,
9 ஜூன் 2025

ஏட்டி எழிலு,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். வாட்ஸப்பிலும் அப்படியே. அறைத்தோழியின் போனை வாங்கிக் கூப்பிட்டால், "ஏட்டி, நாந்தாம்" என்று ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாய். நேற்று ஷேர் ஆட்டோ பிடித்து வடக்குப்பட்டுக்கே வந்தேன். உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "அவ வூட்ல இல்லமா, எங்கியோ போயிருக்கா" என்றார்கள். படியில் உன் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். சிரிக்காமல் படி. கோபமாக வேண்டுமானாலும் படி, கிழித்து மட்டும் போட்டுவிடாதே.

என் பக்கத்தையும் ஒரு தடவை கேள். நாம் இரண்டு பேரும் ஒரே லைனில் உட்கார்ந்த காலத்தில், கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு 'கரும்பாதை' படங்களை எத்தனை தடவை பார்த்திருப்போம்? கிரகத்துக்குக் கிரகம் தாது ஏற்றிப் போகிற ஓட்டைச் சரக்குக் கப்பல், அதில் மூட்டை தூக்க வந்து கேப்டனாகிற இஷ்ரா, அவள் இடது கன்னத்துத் தழும்பு. எனக்கு அவள் சினிமாக்காரி இல்லை, நம்ம ஷிப்டில் வேலை பார்க்கிற ஒருத்தி. அவளைச் சின்னப் பிள்ளையாக்கி 'சின்ன இஷ்ரா' என்று ஒரு பொம்மைப் படத் தொடரை விட்டார்கள். விட்ட அன்றைக்கே ரசிகர் குரூப்பில் எல்லாருக்கும் வயிறு எரிந்தது. இசக்கிதுரையை உனக்குத் தெரியும், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பையன், ஒரகடத்தில் காருக்குக் கதவு மாட்டுகிறவன், 'ஒரகடம் கரும்பாதை பசங்க' சேனலை நடத்துகிறவன். அவன்தான், "ஆளுக்கொரு குறை கண்டுபிடிச்சுப் போடுங்க, கிழிச்சுத் தொங்க விட்டுருவோம்" என்றான்.

குறை கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு? நீ வேலையை விட்டு ஸ்டூடியோவுக்குப் படம் வரையப் போன பிறகு என்னைக் குவாலிட்டியில் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க விளக்குக்கு அடியில் சர்க்யூட் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கெட்டதில் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறேன். அதே கண்ணோடுதான் தொடரையும் பார்த்தேன், ஒவ்வொரு படமாக நிறுத்தி. மூன்றாம் பகுதியில் இஷ்ரா மழையில் ஓடுகிறாள் இல்லையா, அங்கே அந்தத் தழும்பு இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்குப் போய், கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்துவிடுகிறது. ஒருத்தன் கண்ணிலும் படவில்லை, என் கண்ணில் பட்டது. பட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதைக் கேலியாகப் போட வேண்டும் என்றுதான் நம்ம கம்பெனிச் சீட்டு மாதிரியே ஒன்று செய்து அந்தப் படத்தின் மேல் ஒட்டினேன். லைன், குறை, பார்த்தவர், தேதி, ஆபரேட்டர் பெயர். ஆபரேட்டர் கட்டம் காலியாக இருந்தால் சூப்பர்வைசர் சீட்டையே முகத்தில் விட்டெறிவார் என்று உனக்குத் தெரியும். கட்டத்தைக் காலியாக விட்டே எனக்குப் பழக்கமில்லை. மழைக் காட்சி உன் கை என்று நீதான் என்னிடம் சொல்லியிருந்தாய். எழிலரசி, வடக்குப்பட்டு என்று கை தானாக எழுதிவிட்டது. குரூப்புக்கு அனுப்பிய பிறகு நான் தூங்கப் போய்விட்டேன். எழுந்து பார்த்தால் இசக்கிதுரை சேனலில் போட்டு, அது எங்கெங்கோ போய்விட்டது.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லைதானே? அதை மட்டுமாவது எழுது.

சந்தனமாரி

---

வடக்குப்பட்டு,
14 ஜூன் 2025

சந்தனமாரிக்கு,

உன் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அம்மா, "இன்னா லெட்டருடி இது, பேங்க்ல கடன் கிடன் வாங்கிகினியா?" என்று அரை மணி நேரம் குடைந்தாள். அவளுக்கு இன்னும் விஷயம் முழுதாகத் தெரியாது. யாரோ போட்டோவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது வரைக்கும்தான் தெரியும்.

கேட்டாய், சொல்கிறேன். எங்கள் ஸ்டூடியோ எந்தப் படத்துக்கு வரைகிறது என்று வெளியில் மூச்சு விடக்கூடாது. சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேன்? அந்தக் கப்பலில் நாம் இரண்டு பேரும்தானே ஏறியிருந்தோம். நீ என்னைவிடச் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

உன் சீட்டு ஓட ஆரம்பித்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். பென் டேப்லட்டை எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்கள். "விசாரணை முடியற வரைக்கும் வீட்ல இருங்க" என்றார்கள். அதிலிருந்து கிண்டிக்குப் போகிற ரயில் நேரத்துக்கு விழிப்பு வருகிறது, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ரசிகர்கள் என் கணக்கைத் தேடிப் பிடித்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, நாம் இரண்டு பேரும் கேண்டீன் வாசலில் நிற்கிற போட்டோ. உன்னை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டார்கள். ஒருவன் எழுதியது வரிக்கு வரி நினைவிருக்கிறது: "போர்டு ஒட்டற பொண்ணு கையில இஷ்ராவைக் கொடுத்தா இப்படித்தான் வரும்." அதற்கு எத்தனை பேர் சிரித்திருந்தார்கள் தெரியுமா? பாதிப் பேர் நம்ம பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறவர்கள். போட்டோவில் தெரிகிறது, அவர்கள் கழுத்திலும் அட்டைதான். கணக்கையே அழித்துவிட்டேன்.

இன்னொன்று. நீ கண்டுபிடித்த குறை நிஜம்தான், கெட்டிக்காரி. ஆனால் என் கை வரைந்ததில் தழும்பு இடப்பக்கம்தான் இருந்தது. முக்கியமான படங்களைப் பெரியவர்கள் போடுவார்கள், நடுவில் வருகிற அசைவை எல்லாம் நானும் பக்கத்து மேஜை நிலாவும் நிரப்புவோம். நான் கொடுத்து முடித்த பிறகு, கப்பல் இருக்கிற திசைக்கு ஓட வேண்டும் என்று மேலே ஒருவர் சில படங்களைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டுவிட்டார். தழும்பும் கூடவே திரும்பிவிட்டது. இது எனக்கும் நிலாவுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், அவர் வாயைத் திறக்கவில்லை. உன் கட்டத்தில் எழுத வேண்டிய பெயர் என்னுடையது இல்லை.

கை தானாக எழுதியதாம். ஒன்று கேட்கிறேன், லைனை விட்டு ஒருத்தி வெளியே போய்விட்டாள், அவள் தப்புப் பண்ணினாள் என்று தெரிந்ததும்தானே உனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது?

இனி எழுத வேண்டாம்.

எழிலரசி

---

சுங்குவார்சத்திரம்,
23 ஜூன் 2025

எழிலு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். நீ கேட்ட கடைசிக் கேள்வியை மூன்று நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். லைனில் போர்டு வருகிறது, போகிறது, கண் மட்டும்தான் பார்க்கிறது. ஆமாம் எழிலு. கொஞ்சம் அதுவும் இருந்தது. நீ போன பிறகு பஸ்ஸில் உன் சீட்டில் யார் யாரோ உட்காருகிறார்கள், ஒருத்திக்கும் இஷ்ராவைத் தெரியாது. நீ அவளோடு அங்கே குளிர் அறையில் இருக்கிறாய், நான் இங்கே விளக்குக்கு அடியில் கிடக்கிறேன் என்று பொறாமையாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டேன், இனி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் இசக்கிதுரையைப் பிடித்தேன். "ஏல, அந்தப் பிள்ளை போட்டோவைப் போட்டவன் எவன்?" என்றேன். "நா என்ன செய்ய மாரி, பேரை எழுதிக் குடுத்தது நீதான? ஆயிரம் பேரு கேக்காவ, யாரு யாருன்னு. சேனலுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்லா" என்றான். டீயைத் தலையில் ஊற்றியிருப்பேன், ஆறிப்போயிருந்தது. "போர்டு ஒட்டற பொண்ணுன்னு எழுதுனவன் என்ன ராக்கெட்டா விடுதான்? நீ கதவு மாட்டுதே, நான் சீட்டு ஒட்டுதேன். நம்மளை நாமளே காறித் துப்பிக்கிட்டிருக்கோம்ல மூதி!" என்று கத்தினேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டே சீட்டையும் போட்டோவையும் சேனலிலிருந்து எடுத்தான். எடுத்து என்ன செய்ய, ஊர் முழுக்க அது பரவிக் கிடக்கிறது.

ஆனால் ஒன்று. உனக்காக நான் என் வாயை மூடிக்கொண்டு அந்தத் தொடர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 'எனக்கு அம்மா முகம் தெரியாது, சரக்குக் கதவு மூடுகிற சத்தம்தான் தெரியும்' என்று இஷ்ரா சொல்கிற இடத்தில் நாம் இரண்டு பேரும் பஸ்ஸில் அழுதோமே! அவளுக்குப் போய் ஒரு அம்மாவைக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் போதாதென்று பேசுகிற அணில் வேறு. யாரும் இல்லாமல் தானாக மேலே வந்தவள்தானே அவள்? நமக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ரசிகர்களுக்கு வந்த கோபம் எல்லாம் பொய்க் கோபம் இல்லை, கேட்டியா? அதைக் கொட்டிய இடம்தான் தப்பு.

இப்போது நல்ல செய்தி. நேற்று நானே என் முகத்தைக் காட்டி ஒரு வீடியோ போட்டேன். 'அந்தச் சீட்டை எழுதியது நான். எழுதிய பெயர் தப்பு. அவள் சரியாகத்தான் வரைந்தாள், மேலே இருக்கிற ஒருவர் படத்தைத் திருப்பிப் போட்டதில் வந்த வினை அது. அவர் இன்னும் ஸ்டூடியோவில்தான் இருக்கிறார், அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்' என்று எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். ஒரே நாளில் அத்தனை பேரும் உன் பக்கம் திரும்பிவிட்டார்கள். நம்ம ஒரகடத்துப் பிள்ளை, விட மாட்டோம் என்கிறார்கள். ஸ்டூடியோ பக்கத்தில் போய் அந்த ஆள் யார், பேரைச் சொல்லு என்று கேட்டுத் தள்ளுகிறார்கள். இனி உன் வேலையில் கைவைக்க அவர்களுக்குத் தைரியம் வராது. நீயே பாரேன்.

மாரி

---

வடக்குப்பட்டு,
28 ஜூன் 2025

சந்தனமாரி,

வேலை போய்விட்டது.

விசாரணையில் ஓரளவு இறங்கி வந்திருந்தார்கள். நிலா உள்ளே இருந்து சொன்னாள், எச்சரித்துவிட்டு ஜூலையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று. அம்மாவிடம் சம்பளத்தோடு லீவு என்று பொய் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ வீடியோ போட்டாய். ஸ்டூடியோவுக்குள் நடந்ததை ஊருக்குச் சொன்னது யார் என்று அவர்களுக்கு ஒரு கேள்விதான், அதற்கு ஒரு பதில்தான். மூன்று வரி மெயில் வந்தது. நிலாவையும் கூப்பிட்டு, "உனக்கும் அவளுக்கும் எவ்ளோ பழக்கம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பயந்துபோய் என் நம்பரை அழித்துவிட்டு, பிறகு வேறு போனிலிருந்து கூப்பிட்டு அழுதாள்.

யாரிடமும் சொல்லாதே என்று நான் கடிதத்தில் எழுதவில்லைதான். அதைக்கூட உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் தடவை என்னைக் கேட்காமல் என் பெயரை எழுதினாய். இரண்டாவது தடவை என்னைக் கேட்காமல் எனக்காக நியாயம் பேசினாய். நல்லது செய்கிறேன் என்று நீ கிளம்பும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் ஆட்கள் இப்போது என் பக்கமாம். அந்தத் திருப்பிப்போட்டவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் யாரென்று தோண்டி எடுத்து, அவர் பெண் படிக்கிற பள்ளிக்கூடத்தையும் கண்டுபிடித்து எழுதியிருக்கிறான் ஒருவன். எனக்காகவாம்! நான் கேட்டேனா? என்னைத் திட்டியபோது எப்படி எழுதினார்களோ அதே வார்த்தைகள், ஆள் மட்டும்தான் வேறு. அவர்மேல் எனக்கு இருந்த கோபம்கூட இதைப் பார்த்ததும் வடிந்துவிட்டது.

இஷ்ரா உங்களுடையவள் என்கிறாய். என்றைக்கு யார் உங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள்? அண்ணன் மகள் கனிஷ்காவுக்கு ஆறு வயது. அந்த அணில் வாயைத் திறந்தாலே சோற்றுத் தட்டை விட்டுவிட்டுக் குதிக்கிறாள். இடது கன்னத்தில் மையால் கோடு போட்டுக்கொண்டு, "நான்தான் இஷ்ரா, கப்பலை எடு" என்று தெரு முழுக்க ஓடுகிறாள். அவளுக்காக எடுத்தது அது. உனக்கு அம்மா இல்லாத இஷ்ரா வேண்டும் என்றால் பழைய படங்கள் அப்படியேதானே இருக்கின்றன? யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லையே.

அம்மாவுக்கு இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். "சரி வுடு, பழைய கம்பெனியிலயே கேட்டுப் பாரு, அங்கனா சோறு போட்டு பஸ்ஸும் வுடறான்" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தாம்பரம் போய்க் கற்றது, ஷிப்டு முடித்துவிட்டுக் கண் எரிய எரிய வரைந்தது, எல்லாம் அவளுக்கு நான் சும்மா ஒரு வருஷம் ஊர் சுற்றிவிட்டு வந்த மாதிரி. அதுதான் தாங்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதற்குப் பதில் சொல். கோடிப் பேர் அந்தத் தொடரைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு படமாக நிறுத்தி, நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்து வரைந்தேனோ அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவள் நீ ஒருத்திதான். நான் ஆசைப்பட்டது அப்படி ஒருத்தி பார்க்க வேண்டும் என்றுதான். அத்தனை படத்திலும் நன்றாக இருந்த ஒன்றுகூட உன் கண்ணில் படவில்லையா?

எழிலரசி

---

சுங்குவார்சத்திரம்,
2 ஜூலை 2025

எழிலு,

கடிதம் வந்தது. வீடியோவை எடுத்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துப் பேரைப் போட்டவனைக் குரூப்பிலிருந்து தூக்கச் சொன்னேன், நான் சொன்னதற்கு என்னைத் தூக்கிவிட்டார்கள். போகட்டும் சவம்.

உன் வேலை போனதற்கு நான்தான் காரணம். அதை எப்படிச் சுற்றி எழுதினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ கேட்டதற்கு இன்றைக்குப் பதில் இல்லை. நல்லது எது என்று நான் பார்க்கவே இல்லை எழிலு. பார்த்துவிட்டு எழுதுகிறேன். பொய்யாக ஒன்றைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

மாரி

---

சுங்குவார்சத்திரம்,
7 ஜூலை 2025

எழிலு,

ஞாயிற்றுக்கிழமை லீவு. ஹாஸ்டலில் எல்லாரும் துணி துவைக்கப் போன நேரம் பார்த்து முதல் பகுதியிலிருந்து போட்டேன். சொன்னால் நம்ப மாட்டாய், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நிறுத்தப் போகிறது. இஷ்ரா கையைத் தூக்கினால் விரலை எண்ணுகிறேன். கப்பல் திரும்பினால் ஜன்னலை எண்ணுகிறேன். கடைசியில் போனை அலமாரி மேல், கைக்கு எட்டாத இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். நல்ல போர்டு என்றால் நான் பார்ப்பதே இல்லை, தெரியுமா? அது பாட்டுக்குப் போய்விடும். கெட்டதுதான் என் கையில் நிற்கும். இத்தனை மாதத்தில் நல்ல போர்டு ஒன்றின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

அணில் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. கனிஷ்காவிடம் சொல்லிவிடாதே.

ஆனால் ஆறாம் பகுதியில் ஒன்று வருகிறது. அம்மாவுக்கு ஷிப்டு முடிகிற நேரம். இஷ்ரா சரக்குக் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்து அப்படியே தூங்கிப்போகிறாள். தூக்கத்துக்கு முன்னால் அழுதிருக்கிறாள், கன்னத்தில் அந்தத் தடம் காய்ந்து கிடக்கிறது. கதவு திறக்கிறது. அம்மா வருகிறாள். நான் என்ன நினைத்தேன், எழுந்து ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்கும், பாட்டுப் போடுவார்கள் என்று. அது ஓடவில்லை எழிலு. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, அதால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைக்கிறது. வெளிப்பக்கம் துடைத்தால் ஈரம் தெரிந்துவிடும் என்று உள்பக்கத்தால் துடைக்கிறது! துடைத்துவிட்டு, ஒரு மூச்சு இழுத்து, பிறகுதான் சிரித்துக்கொண்டு ஓடுகிறது.

எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற வரைக்கும் நானும் அப்படித்தான் வாசலில் கிடப்பேன். பாவாடையைத் திருப்பித் துடைப்பேன். அம்மா ஏற்கெனவே தீக்குச்சி மருந்து பட்ட கை எரிச்சலோடு வருவாள், நான் அழுதது வேறு தெரிய வேண்டாம் என்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு பொம்மைப் படம் எனக்குச் சொல்கிறது. கட்டிலில் உட்கார்ந்து அப்படி ஓர் அழுகை அழுதேன். துணி காயப்போட்டுவிட்டு வந்த பிள்ளைகள், "என்னக்கா, ஊர்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று பயந்துவிட்டார்கள்.

இஷ்ராவுக்கு அம்மா எதற்கு என்று கேட்டேன். அந்த ஓர் இடத்துக்காக அம்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றிவிட்டது. வாயைத் திறந்து பேசுகிற படங்களில்கூட இவ்வளவு தெரியாது. அது நீ வரைந்ததுதானே? பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது உன் கைதான். நீதான் எதையும் சத்தம் போட்டுச் சொல்லாமல் அப்படிச் செய்வாய். முதல் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு நான் பட்டினி கிடந்தபோது, வயிறு சரியில்லை என்று உன் சோற்றை என் பக்கம் தள்ளினாயே, அந்தக் கை.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதவில்லை. ஆனால் அந்தக் காட்சி ரொம்ப நன்றாக இருந்தது எழிலு. ரொம்ப ரொம்ப நன்றாக இருந்தது.

மாரி

---

வடக்குப்பட்டு,
15 ஜூலை 2025

மாரி,

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்துவிட்டேன். கான்ட்ராக்ட்தான். பழைய கம்பெனிக்கு வரவில்லை, உன் முகத்தில் விழிக்கிற தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. அட்டைப் பெட்டியை மடித்து ஒட்டி அடுக்குகிறேன். படம் வரைகிற வேலை வேறு எங்காவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்கிறார்கள். சொன்னால், "ஓ, அந்தப் பொண்ணா?" என்கிறார்கள். அதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை.

உன் கடிதத்தை ஷிப்டு பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள், "இன்னாக்கா, ஒடம்பு முடியலயா?" என்றாள்.

அது நான் வரைந்தது இல்லை மாரி.

ஆறாம் பகுதியில் என் கை எங்குமே இல்லை. அந்தக் கதவுக் காட்சி முழுக்க நிலா. அவள் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். சட்டையின் உள்பக்கம் அவளாகச் சேர்த்தது. அது வேண்டாம், நீளம் கூடுது என்று வெட்டச் சொன்னார்கள், அவள் மன்றாடி வைத்துக்கொண்டாள். நீ மறுபடியும் கேட்காமல் பெயர் எழுதிவிட்டாய். போன தடவை என்னுடையது இல்லாத தப்பை என்மேல் எழுதினாய், இந்தத் தடவை என்னுடையது இல்லாத நல்லதை என்மேல் எழுதுகிறாய். பதில் எழுதாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் இருந்தேன். நான்தான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியப்போகிறது?

பிறகு நிலாவைக் கூப்பிட்டு உன் கடிதத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் படித்தேன். "இன்னொரு தடவை படி" என்றாள். தீப்பெட்டி ஆபீஸ் வருகிற இடத்தை மறுபடி படித்தேன். அவளுக்கும் இத்தனை நாளாகத் திட்டு மட்டும்தான் வந்துகொண்டிருந்ததாம், அவள் பெயர் தெரியாததால் பொதுவாக எல்லாருக்கும் சேர்த்து வந்த திட்டு. தொடர் வந்ததிலிருந்து ஒரு மனுஷர்கூட அந்தச் சட்டையைப் பற்றிச் சொன்னதில்லையாம்.

"அந்த அக்காவுக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியாது, நான் வரைஞ்சதுன்னு நெனச்சிகினு எழுதிட்டா" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. உனக்கு வந்த பொறாமைதான், இப்போது புரிகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. போனிலும் நீ இன்னும் தடுப்புக்குள்தான் இருக்கிறாய். அம்மாவிடம் மட்டும், "அது வந்தா வாசல்ல நிக்க வச்சி அனுப்பாதே, உள்ளாற கூப்டு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தத் தொடரில் நான் வரைந்ததிலும் நன்றாக வந்தது ஒன்று இருக்கிறது. எது என்று நான் சொல்ல மாட்டேன்.

எழில்